கடதாசி மடிப்பும் கொடுக்கும் பண்பும்

எமது பிள்ளைகளின் பிறந்தநாள் விழாக்களிலே மண்டபத்தின் ஒரு பக்கத்தில் அன்பளிப்புகளுக்கென்று ஒரு மேசை இடப்பட்டிருப்பதை யாவரும் அறிவோம். வண்ணத்தாள் சுற்றிய பெட்டிகளும் பைகளும் அம்மேசையிலே குவிகின்றன. விழா முடிந்து வீடு திரும்பிய பின்னர் அவை பிரிக்கப்படுகின்றன. யார் என்ன கொடுத்தார் என்பது சில வீடுகளிலே ஒரு கொப்பியில் குறித்தும் வைக்கப்படுகின்றது. அவர்கள் வீட்டு விழாவுக்குச் செல்லும்போது அதற்கு ஈடாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா? இந்தக் கொடுக்கல் வாங்கலிலே பிள்ளையின் பங்கு என்ன என்று சற்றே சிந்திப்போம். பொருளைத் தெரிவு செய்தவர் தாய். பணம் கொடுத்தவர் தந்தை. அழகாகப் பொதி சுற்றியவர் கடைப் பணியாளர். வாகனத்திலிருந்து மேசை வரைக்கும் சுமந்து சென்றது மட்டுமே பிள்ளையின் பணி.

கொடுத்தல் என்பது பிறவியிலேயே வந்துவிடும் குணம் அன்று. நடக்கவும் எழுதவும் பழகுவது போலப் பழகிப் பெற வேண்டிய பண்பு அது. தன்னிடம் உள்ள ஒன்றைப் பிரிந்து, பிறர் மகிழ்வதைக் கண்டு தானும் மகிழ்வதே அதன் முதற்பாடம். பெற்றோரின் பணப்பையிலிருந்து வாங்கப்பட்ட பொருளைக் கைமாற்றிக் கொடுக்கும் பிள்ளை எதையும் பிரிவதில்லை. ஆகவே ஆண்டில் ஒரு சில தடவைகளேனும் எமது பிள்ளைகள் தம் கையாலே ஆக்கிய ஒன்றை அன்பளிப்பாகக் கொடுக்கப் பழக வேண்டும் என்பது எமது கருத்து. அதற்கு மிக எளிதாகத் தொடங்கக்கூடியதும், எவ்வளவு கற்றாலும் குறையாததுமான ஒரு வழி உண்டு. அதுவே யப்பானியரின் ஒரிகாமி என்னும் கடதாசி மடிப்புக் கலை.

ஒரி என்றால் மடித்தல்; காமி என்றால் தாள். இவ்விரு சொற்களும் சேர்ந்தே இக்கலையின் பெயர் ஆயிற்று. சதுரமான ஒரு தாள், பத்து விரல்கள், சிறிது பொறுமை என்பனவே இதற்குத் தேவை. கத்தரிக்கோலும் பசையும் இல்லாமலே ஒரு கொக்கு, ஒரு தவளை, ஒரு பெட்டி, ஒரு மலர் உருவாகிவிடும். தாள் செய்யும் தொழில் சீனத்திலே தோன்றி, கொரியா வழியாக ஏழாம் நூற்றாண்டளவில் யப்பானை அடைந்தது. அக்காலத்தில் தாள் அரிதான பொருள். அதனால் வழிபாட்டிலும் சடங்கிலுமே அது முதலில் இடம்பெற்றது. ஓய்வுநேர விளையாட்டாக மடித்தல் பரவியது தாள் மலிந்த பிற்காலத்திலேதான்.

கடதாசி மடிப்பு அந்நாட்டிலே தொடக்கந்தொட்டே அன்பளிப்போடு பிணைந்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது. யப்பானியர் மங்கல நிகழ்வுகளுக்குக் கொடுக்கும் பரிசுப் பொதியின் மேல் நொஷி என்னும் சிறு மடிப்பு ஒன்றை இணைப்பது வழக்கம். ஒரு வகைக் கடற்சிப்பியின் தசையை மெல்லிய நாடாவாக்கி உலர்த்தி, வெள்ளையும் சிவப்புமான தாளிலே மடித்து வைப்பதே பழைய முறை. அது நெடுவாழ்வைக் குறித்தது. துயர நிகழ்வுகளிலே கொடுக்கும் பொருளுக்கு நொஷி இணைப்பதில்லை. இன்று பெரும்பாலும் அதன் உருவம் உறையிலே அச்சிடப்பட்டே வருகின்றது. இசே சதாதகே என்னும் அறிஞர் எந்தப் பொருளை எவ்வாறு தாளில் மடித்துப் பொதிய வேண்டும் என்பதை 1764 இல் ஒரு நூலாகவே எழுதி வைத்தார். பொருளைப் போலவே அதைப் பொதிந்த கைகளின் கவனமும் ஒரு கொடை என்பதை அச்சமுதாயம் உணர்ந்திருந்தது. நாமோ பொதி சுற்றிய தாளை ஒரே இழுவையிலே கிழித்து எறிகின்றோம்.

ஒரிகாமி என்றவுடன் யாவர் மனத்திலும் தோன்றுவது கொக்கு. 1797 ஆம் ஆண்டிலேயே கொக்கு மடிப்பதற்கென்று ஒரு நூல் அச்சாகியது. ஒரே தாளிலே பல கொக்குகளை ஒன்றோடொன்று தொடுத்தாற்போல மடிக்கும் 49 வகைகள் அதிலே காட்டப்பட்டுள்ளன. கொக்கு ஆயிரம் ஆண்டு வாழும் என்பது யப்பானியரின் மரபு நம்பிக்கை. அதனால் ஆயிரம் கொக்குகளை மடித்துச் சரமாகக் கோத்து, நோயுற்றவர்க்கும் புதிதாக வாழ்வு தொடங்குவோர்க்கும் கொடுக்கின்றார்கள். இதிலே அடங்கிய உழைப்பை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கொக்குக்கு மூன்று நிமிடம் என்று கொண்டால் ஆயிரத்துக்கு 3000 நிமிடங்கள்; அதாவது ஐம்பது மணித்தியாலங்கள். ஒருவரை நினைந்து ஐம்பது மணித்தியாலங்கள் இருந்தோம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இக்கொக்கை உலகம் முழுவதற்கும் உரியதாக்கியவள் ஒரு சிறுமி. 1945 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் நாள் ஹிரோஷிமா நகரின் மீது அணுகுண்டு வீசப்பட்டபோது சடாகோ சசாகி இரண்டு வயதுக் குழந்தை. அன்று அவள் உயிர் தப்பினாள். துள்ளி ஓடும் பிள்ளையாகவே வளர்ந்தாள். ஆயினும் 1955 இன் தொடக்கத்தில் அவளுக்குக் குருதிப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவ்வாண்டின் ஆகஸ்ட் மாதத்தில் நகோயா நகரிலிருந்து நோயாளருக்கு ஆறுதலாக அனுப்பப்பட்ட கடதாசிக் கொக்குகள் அவள் இருந்த மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தன. அதைக் கண்டே அவளும் மடிக்கத் தொடங்கினாள். தாள் எளிதிற் கிடைக்காத காலம் அது. மருந்து சுற்றி வந்த தாள்களும் பிற நோயாளருக்கு வந்த பரிசுகளின் உறைகளும் அவள் கையிலே கொக்குகளாயின. அவ்வாண்டு ஒக்டோபர் 25 ஆம் நாள், பன்னிரண்டு வயதிலே, அவள் மறைந்தாள்.

அவளோடு படித்த பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. நினைவுச்சின்னம் ஒன்று எழுப்ப வேண்டும் என்று அவர்கள் தொடங்கிய முயற்சிக்கு நாடெங்கும் உள்ள பள்ளிப் பிள்ளைகள் துணை நின்றார்கள். 1958 ஆம் ஆண்டு மே 5 ஆம் நாள் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவிலே சிறுவர் அமைதிச் சின்னம் திறந்து வைக்கப்பட்டது. உச்சியிலே ஒரு சிறுமி கடதாசிக் கொக்கின் வடிவைத் தலைக்கு மேல் ஏந்தி நிற்கின்றாள். இன்றும் உலகின் பல நாடுகளிலிருந்து பிள்ளைகள் மடித்த கொக்குகள் அங்கே வந்துகொண்டிருக்கின்றன. 2016 ஆம் ஆண்டு மே மாதம் அந்நகருக்குச் சென்ற அமெரிக்க சனாதிபதி பராக் ஒபாமா தாம் மடித்த நான்கு கொக்குகளைக் கொண்டு சென்றார். இரண்டை அங்கிருந்த பள்ளிச் சிறுவர் இருவரிடம் கொடுத்தார். மற்றைய இரண்டையும் அமைதி நினைவு அருங்காட்சியகத்திலே விட்டுச் சென்றார். எத்தனை விலை உயர்ந்த பொருளையும் வாங்கிச் செல்லக்கூடிய நிலையில் இருந்த ஒருவர் தாளைத் தேர்ந்தது ஏன்? வாங்கிய பொருள் எதுவும் அந்த இடத்திலே பொருந்தியிருக்காது என்பதை நாம் எளிதாக உணரலாம். போரின் வடுக்களைச் சுமந்து நாடு விட்டு நாடு வந்த குடும்பங்கள் எம்மிடையே பல உண்டு. அவர்களுக்கு இக்கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இக்கலையின் பேராசானாகப் போற்றப்படுபவர் அகிரா யோஷிசாவா. 1911 இலே பிறந்து 2005 இலே மறைந்தவர். இளமையிலே தொழிற்சாலை ஒன்றிலே பணியாற்றியபோது, தம் கீழ்ப் பணிபுரிந்த இளைஞருக்குக் கேத்திரகணிதத்தைத் தாள் மடித்தே விளக்கினார். 1937 இல் அவ்வேலையை விட்டு முழுநேரமும் மடிப்புக் கலைக்கே தம்மை ஒப்படைத்து, நெடுங்காலம் வறுமையிலே வாழ்ந்தார். இன்று உலகெங்கும் மடிப்பு நூல்களிலே காணப்படும் கோடுகளும் அம்புக்குறிகளும் கொண்ட விளக்கமுறைக்கு அடித்தளம் இட்டவர் அவரே. தாளைச் சிறிது ஈரமாக்கி மடித்து உயிருள்ள வளைவுகளை உண்டாக்கும் முறையும் அவர் கண்டது. இத்தனை புகழ் பெற்ற அவர் தமது ஆக்கங்களை விற்கவில்லை. விரும்பியவர்க்குப் பரிசாகவே கொடுத்தார். கண்காட்சிகளுக்கு இரவலாகவும் கொடுத்தார். 1983 இல் யப்பானின் உதயசூரிய விருது அவருக்கு வழங்கப்பட்டது. விற்றிருந்தால் வறுமை நீங்கியிருக்கும். ஆயினும் கொடுப்பதற்குரியதை விற்பதற்கு அவர் மனம் இடம் கொடுக்கவில்லை.

தாள் மடிப்புக்கும் தென்னாட்டுக்கும் தொடர்பு உண்டு என்பதை எமது மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். சிறுவர் பூங்கா என்னும் கல்விமுறையை நிறுவிய யேர்மனியரான புரோபல், பிள்ளைகளுக்கென அமைத்த கல்விக் கருவிகளுக்குச் சூட்டிய பெயரே ‘கொடைகள்’ என்பது. அவரைப் பின்பற்றியோர் வகுத்த வரிசையிலே எட்டாவது கொடையாக அமைந்தது தாள் மடிப்பு. அது சென்னையிலே சுந்தர ராவ் என்பாரின் கவனத்தை ஈர்த்தது. அதன் தூண்டுதலால் அவர் கடதாசி மடிப்பின் மூலம் கேத்திரகணிதத்தைக் கற்பிக்கும் ஓர் ஆங்கில நூலை எழுதினார். 1893 ஆம் ஆண்டு சென்னையில் வெளியான அந்நூல், 1901 இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே மறுபதிப்புப் பெற்றது. கவராயமும் நேர்கோலும் மட்டும் கொண்டு எல்லாக் கோணங்களையும் மூன்று சம பாகங்களாகப் பிரிக்க இயலாது என்பது 1837 இலேயே நிறுவப்பட்டது. தாளை மடித்தோ அதனைச் செய்துவிடலாம் என்பதைப் பிற்காலக் கணிதர் காட்டினர். விளையாட்டு என்று நாம் ஒதுக்கும் ஒன்றினுள் எத்துணை அறிவு அடங்கியுள்ளது!

இனி, பெற்றோர் எழுப்பக்கூடிய ஐயங்களுக்கு வருவோம். ‘வெறும் கடதாசியைக் கொடுத்தால் எம்மைக் கஞ்சர் என்று சொல்வார்களே’ என்பது முதலாவது. இந்த அச்சம் உண்மையானது. அதனைக் கேலி செய்ய நாம் விரும்பவில்லை. புதிய நாட்டிலே காலூன்ற உழைத்த குடும்பங்களுக்குப் பிறர் முன் குறைந்து நிற்கக்கூடாது என்ற எண்ணம் இயல்பே. ஆனால் இவ்வழக்கத்தை ஒரு குடும்பம் மட்டும் தொடங்கினால்தான் அது குறையாகத் தோன்றும். ஒரு வகுப்பின் பெற்றோர் எல்லோரும் கூடி, ‘எமது பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கையால் ஆக்கியதையே கொடுக்கட்டும்’ என்று தீர்மானித்தால் யார் யாரைக் கஞ்சர் என்பது? இதனால் இரண்டு வேலை பார்த்தும் மாத முடிவிலே கணக்குப் பார்த்துச் செலவிடும் வீட்டுப் பிள்ளையும் வசதியான வீட்டுப் பிள்ளையும் ஒரே தாளோடு சமமாக நிற்பார்கள். விழா அழைப்பிதழ் வந்தால் மகிழ்வதற்குப் பதிலாகக் கவலைப்படும் பெற்றோர் எம்மிடையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களுக்கு இது பெரும் ஆறுதல்.

‘எமக்கு நேரம் எங்கே?’ என்பது இரண்டாவது ஐயம். கடைக்குச் சென்று, தெரிவு செய்து, வரிசையில் நின்று திரும்பும் நேரத்தை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்த நேரத்திலே ஒரு பிள்ளை தவறித் தவறி ஐந்து கொக்குகளை மடித்துவிடும். அதிலே நன்றாக அமைந்ததைக் கொடுக்கலாம். மேலும், மடிக்க வேண்டியது பிள்ளை. தாய் தந்தையர் அருகிலே இருந்தாற் போதும். மடிப்பு சற்றுக் கோணினாலும் பெற்றோர் அதைத் தம் கையால் திருத்தாதிருத்தல் நன்று. பெரியவர் திருத்திய கொக்கு அழகாக இருக்கலாம். ஆனால் அது பிள்ளையின் கொடை அன்று.

‘தாள்தானே, நாளைக்குக் குப்பைக்குப் போய்விடும்’ என்பது மூன்றாவது. போகலாம். ஆனால் மின்கலம் தீர்ந்ததும் மூலையிலே கிடக்கும் நெகிழிப் பொம்மைக்கு நேர்வது என்ன? கோலம் மாலைக்குள் அழிந்துவிடும் என்பதற்காக நம் தாய்மார் அதனை இடாமல் விட்டதில்லையே. அதுபோல, மடித்த மலர் ஒரு மாதத்திலே வாடினாலும் தனக்கென்று ஒருவர் இருந்து மடித்தார் என்ற நினைவு பெற்றவரிடம் தங்கும். மடிக்கும் திறனோ கொடுத்தவரை விட்டு நீங்காது.

இன்னும் ஒன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். கைவினைப் பரிசு எல்லா இடத்துக்கும் பொருந்துவதன்று. பேரிடர்கள் நிகழ்ந்தபோது ஆயிரம் கொக்குச் சரங்களை அனுப்புவதைப் பற்றி யப்பானிலேயே மாறுபட்ட கருத்து எழுந்துள்ளது. நீரும் போர்வையும் இல்லாமல் தவிப்போருக்குக் கொக்குச் சரம் ஒரு சுமையாகிவிடலாம் என்பது அக்கருத்து. அது சரியே. பசித்தவருக்கு உணவும் இடம்பெயர்ந்தவருக்குப் பொருளுதவியும் கொடுக்க வேண்டிய இடத்திலே தாளைக் கொடுத்துவிட்டு மன நிறைவடைவது அறமாகாது. திருமணம் செய்யும் இளையோருக்கு உற்றார் கொடுக்கும் பணம் குடும்பம் தொடங்க உதவும். அதனையும் நாம் குறை கூறவில்லை. பெறுபவரின் தேவை அறிந்து கொடுப்பதே கொடை. அன்பும் நன்றியும் வாழ்த்தும் தெரிவிக்க வேண்டிய இடங்கள் எத்தனையோ உண்டு. அவ்விடங்களுக்கே கையால் மடித்த பரிசு உரியது.

தமிழ்ப் பள்ளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். நேரடியான தொடர்பு உண்டு. எமது பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாள், சில மணித்தியாலங்களே தமிழோடு இருக்கின்றார்கள். எழுத்தும் சொல்லும் அவர்களுக்குப் புத்தகத்திலே தெரிகின்றன. கைக்கும் காலுக்கும் தெரிவதில்லை. ஓர் ஆசிரியர் வகுப்பிலே தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, ‘வண்ணப் பக்கத்தைக் கீழே வை. மூலையை மூலையோடு சேர். விளிம்பிலிருந்து நடுக்கோட்டுக்கு மடி. நகத்தால் அழுத்து. இனி விரி. மறுபக்கம் திருப்பு’ என்று சொல்லச் சொல்லப் பிள்ளைகள் செய்வதை எண்ணிப் பாருங்கள். ஐ, ஓடு, இலிருந்து, கு, ஆல் என்று இலக்கணப் பாடத்திலே தலையைச் சொறிந்து மனனம் செய்த வேற்றுமை உருபுகள் யாவும் அரை மணி நேரத்திலே விரல் நுனிக்கு வந்துவிடும். மடிப்பதற்கும் மடக்குவதற்கும், விரிப்பதற்கும் பிரிப்பதற்கும், திருப்புவதற்கும் புரட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த அகராதியும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. சொல்லைத் தவறாக விளங்கிக்கொண்டால் கொக்குக்கு வால் வராது, அவ்வளவுதான். பிழை திருத்தும் ஆசிரியராகத் தாளே ஆகிவிடுகின்றது.

தாத்தா பாட்டியரையும் இங்கே நினைக்க வேண்டும். பேரப்பிள்ளைகளோடு வாழவென்று கடல் கடந்து வந்த முதியோர் பலர், அப்பிள்ளைகளின் மொழி விளங்காமல் நாள் முழுவதும் மௌனமாக இருக்கின்றார்கள். அவர்கள் மடிக்கத் தெரியாதவர்கள் அல்லர். தென்னங்குருத்திலே கிளியும் ஊதலும் செய்தவர்கள். பனையோலையைக் கோலிப் பிளா செய்து கூழ் பருகியவர்கள். மழை வெள்ளத்திலே கடதாசிக் கப்பல் விட்டவர்கள். ஒரு மேசையிலே பேரனும் தாத்தாவும் ஆளுக்கொரு தாளோடு அமர்ந்தால் பேச்சு தானாகவே தொடங்கும். ஊரிலே இருக்கும் முதியோருக்கும் வழி உண்டு. சிறகு விரிக்காத கொக்கு தட்டையாகவே இருப்பதால் கடித உறைக்குள் அடங்கும். தொலைபேசியிலே இரண்டு நிமிடம் பேசிவிட்டு ஓடும் பேர்த்தியின் கையிலிருந்து அவள் பெயரைத் தமிழில் எழுதிய ஒரு கொக்கு அஞ்சலிலே வந்தால், பாட்டி அதனைப் பிரித்துச் சிறகை விரிக்கும்போது அடையும் மகிழ்வை எந்தப் பொதியாலும் வாங்க முடியுமா?

தொடங்க விரும்பும் மாணவர்களுக்குச் சில குறிப்புகள். முதலில் தாள் சரியான சதுரமாக இருக்க வேண்டும். கடைகளிலே விற்கும் 15 சென்ரிமீற்றர் வண்ணத் தாள் நல்லது. பழைய நாட்காட்டித் தாளும் வந்த பரிசுகளின் உறைத்தாளும் போதும். முதல் மடிப்பை அவசரப்படாமல் மடியுங்கள். முதல் மடிப்பிலே ஏற்படும் சிறு கோணல் கடைசி மடிப்பிலே பெருங்கோணலாகும். அளக்கும் பெட்டியின் பெயரால் மசு எனப்படும் சிறு பெட்டி, தொடங்குவோருக்கு ஏற்றது. 15 சென்ரிமீற்றர் தாளிலே மடித்தால் அடிப்பக்கம் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் அகலம் வரும். சில மில்லிமீற்றர் சிறிய தாளிலே இன்னொன்று மடித்தால் ஒன்று மூடியாகவும் மற்றையது பெட்டியாகவும் பொருந்தும். உள்ளே இரண்டு இனிப்புகளை வைத்துக் கொடுக்கலாம். ஆசிரியருக்குப் புத்தக அடையாளம், நோயுற்ற நண்பருக்குக் கொக்கு, அம்மாவுக்கு அல்லிமலர் என்று பெறுபவரை எண்ணித் தெரிவு செய்யுங்கள். சிறகின் உட்புறத்திலே ஒரு வரி தமிழில் எழுதுங்கள். மடித்தவர் பெயரும் நாளும் இருக்கட்டும்.

எமது வேண்டுகோள் பெரியதொன்றன்று. வரும் கல்வியாண்டிலே ஒவ்வொரு வகுப்பும் மாதத்தில் ஒரு பாடவேளையைக் கைவினைக்கு ஒதுக்கட்டும். அடுத்த ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினருக்கும் பணியாற்றும் தொண்டர்களுக்கும் வாங்கிய பரிசுக்குப் பதிலாக மாணவர் மடித்த மலர்ச்செண்டு வழங்கப்படட்டும். பெற்றோர் தம் பிள்ளை கொண்டுவரும் கோணல் கொக்கை மேசை இழுப்பறையிலே மறைக்காமல் வரவேற்பறையிலே வைக்கட்டும். கொடுத்தது மதிக்கப்படுகின்றது என்று கண்ட பிள்ளை மறுபடியும் கொடுக்கும். அவ்வாறு வளர்ந்த பிள்ளை பெரியவனானதும் தன் நேரத்தையும் உழைப்பையும் இப்பள்ளிக்கும் இச்சமூகத்துக்கும் கொடுக்கத் தயங்காது. அந்தக் கைகளைப் பழக்குவதற்கு ஒரு சதுரத் தாள் போதும். பிள்ளைகளே, தாளை எடுங்கள், முதற் கொக்கை யாருக்குக் கொடுப்பது என்பதை முதலில் நினையுங்கள், பிறகு மடியுங்கள்.